திருப்பக்கூடாத வண்டி

திருப்பத்தூர்க் கடைவீதி தொடங்குகிற இடத்தில் ஒரு சைக்கிள் கடை. அதன் வாசலில், வேப்பமர நிழல் எட்டாத வெயிலில், எங்கள் கறுப்பு அம்பாசிடர் நிற்கிறது. நான்கு கதவும் திறந்து கிடக்கிறது. என் அப்பா கடைக்காரரிடம் இரவல் வாங்கிய பம்பை மிதித்துப் பிடித்துக்கொண்டு இடது முன் டயருக்குக் காற்றடிக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பம்பு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு முனகல். அது பம்பிலிருந்து வருகிறதா, அப்பாவிடமிருந்து வருகிறதா தெரியவில்லை.

பின் சீட்டில் வலையபட்டிச் சொக்கலிங்கம் செட்டியார் படுத்திருக்கிறார். சாகக் கிடக்கிறவர் என்று சொல்லித்தான் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஏற்றி வந்தோம். ஏற்றும்போது அவருக்கு நினைவில்லை.

இப்போது கண்ணைத் திறந்து, மெதுவாகத்தான், ஆனால் ஒரு எழுத்தும் குழறாமல் சொல்கிறார்: "நாஞ் சொன்னேன்ல சாத்தையா, இடது பக்கம் இழுக்குதுன்னு."

அந்தப் பேச்சை நான் அதற்குப் பிறகு எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வரும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது வரும். எப்போது கேட்டாலும் அது ஒரு கார்க்காரர் தன் டிரைவரைக் கடிந்துகொள்கிற பேச்சாகத்தான் கேட்கிறது.

படுத்துக்கொண்டு ஏறியவர்கள்

போன வாரம் கல்யாணக் கார்களைப் பற்றி எழுதியிருந்தேன். தேவகோட்டையில் என்னோடு வேலை பார்க்கிற ஆசிரியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "உங்க அப்பா குடுத்து வச்சவருய்யா. முகூர்த்த மாசம் பூரா பந்திச் சாப்பாடு" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். டாக்சிக்காரருக்கு முகூர்த்தம் இல்லாத மாதங்களும் உண்டு. அந்த மாதங்களில் அவர் என்ன சவாரி ஓட்டினார் என்பதையும் எழுதாமல் விட்டால் இந்தத் தொடர் பாதிப் பொய்யாகிவிடும்.

காரைக்குடியில் எங்கள் தெருவில் கார் ஏறியவர்கள் குறைவு. ஏறியவர்களிலும் பாதிப்பேர் முதல்முதலாக ஏறியது படுத்துக்கொண்டுதான். உள்ளூர் வைத்தியத்தில் கேட்காமல், மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய், அங்கேயும் கேட்காமல், "வீட்டுக்குக் கொண்டுபோயிருங்க" என்று ஆன பிறகுதான் டாக்சி. நடமாடிக்கொண்டிருந்தவரை கார் அவர்களுக்குத் தெருவில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய பொருள். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

என் அம்மா இன்றைக்கும் கார் ஏற மாட்டாள். டிரைவர் பெண்டாட்டி. கோவிலுக்குப் போவதென்றாலும் பஸ்தான். "என்னைய அதுல ஏத்தும்போது ஏத்துங்க. இப்ப என்ன அவசரம்?" என்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

பிளசர் வீடு

எங்கள் பக்கம் காருக்குப் பெயர் பிளசர். ரோடு வருவதற்கு முன்பே இந்த ஊர்களுக்குப் பிளசர் வந்துவிட்டது என்பார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த செட்டியார்கள் கப்பலில் ஏற்றி வந்து இறக்கினார்கள். செம்மண் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அது வந்தால், வண்டிமாடுகள் மிரண்டு வரப்பில் ஏறிவிடும். அதற்காகக் கிராமத்துக்கு வெளியிலேயே ஆள் ஓடி, "பிளசர் வருது, மாட்டைப் புடி" என்று சத்தம் போடுவானாம். செட்டியார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் ஏறினால் கண்ணாடிக்கு உட்புறம் துணித்திரை. திரைக்குள்ளிருந்தே, "இது குன்றக்குடியா, பிள்ளையார்பட்டியா?" என்று கேட்டுக்கொண்டு போவார்களாம்.

சொக்கலிங்கம் செட்டியார் வீட்டுக்கு வலையபட்டியில் பெயரே பிளசர் வீடு. பச்சை நிறத்தில் பெரிய பிளைமவுத் ஒன்று வைத்திருந்தார். அதற்கு அப்பாதான் டிரைவர். ஆனால் அப்பா ஓட்டியதைவிடச் செட்டியார் ஓட்டியதுதான் அதிகம். டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு முதலாளி ஓட்டுவார். எதிரில் வருகிறவர்கள் யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் அப்பாவைக் கும்பிட்டுவிட்டுப் போவார்களாம்.

"அவரு காது இருக்கே, அது மெக்கானிக்கு காது" என்று அப்பா சொல்லியிருக்கிறார். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே எந்தச் சக்கரத்தில் காற்றுக் குறைவு, எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கோபமும் உண்டு. கியரை உறுமவிட்டுப் போட்டால், "உன் பல்லையா கடிக்கிறே, வண்டிப் பல்லையில்ல கடிக்கிறே" என்று திட்டுவார்.

பர்மாக் கடைகள் கையைவிட்டுப் போனதும் பிளைமவுத்தும் போயிற்று. கார்க் கொட்டகையில் விறகு அடுக்கினார்கள். அப்பா காரைக்குடிக்கு வந்து டாக்சி ஓட்ட ஆரம்பித்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான் என்பதால், டாக்சி ஸ்டாண்டில் எல்லாரும் என்னைக் காலேஜுக்குப் போகும் முன்பே "காலேஜ்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஸ்டாண்டின் சட்டங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து சாகக் கிடக்கிறவர்களைக் கொண்டுவருவதற்கு ஸ்டாண்டில் "வீட்டுச் சவாரி" என்று பெயர். இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் பக்கம் வெளியில் உயிர் பிரிந்தவரை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும், அதைக் கட்டியவரே ஆனாலும், உடம்பு வாசலுக்கு வெளியே பந்தலில்தான் கிடக்கும். படியேறாது. ஆகவே மூச்சு இருக்கும்போதே கொண்டுவந்து கூடத்தில் கிடத்திவிட வேண்டும். அதற்குத்தான் அந்த ஓட்டம்.

இந்தச் சவாரிக்கென்று டிரைவர்கள் தங்களுக்குள் சில சட்டங்கள் வைத்திருந்தார்கள். பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கூரைப்பக்கம் திருப்பிவிடவேண்டும். வழியில் டீக்கு நிறுத்தக்கூடாது. ஊர் எல்லை வந்ததும், உயிர் இருந்தால் ஹாரனை நீளமாக அடிக்கவேண்டும். அதைக் கேட்டால் வீட்டில் பெரிய கதவைத் திறந்து கூடத்தில் பாய் போடுவார்கள். உயிர் போயிருந்தால் சத்தமே இல்லாமல் வரவேண்டும். சத்தமில்லாமல் வருகிற காரைப் பார்த்துத் தெருவே எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம், எடுத்த வண்டியைத் திருப்பக்கூடாது என்பது. ஆஸ்பத்திரி வாசலை விட்டு முகம் திரும்பிய வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கவேண்டும். நடுவில் திருப்பினால் எமனுக்கு வழி காட்டின மாதிரி என்பார்கள்.

இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. அது டிரைவர்களுக்கு மட்டும் உரியதல்ல, ஊருக்கே உரியது. சாகப்போகிறவர்களுக்குக் கடைசியில் ஒரு தெளிவு வரும். நினைவு திரும்பும். ஆளை அடையாளம் தெரியும், பசி எடுக்கும், நாலு வார்த்தை நன்றாகப் பேசுவார்கள். அது வந்துவிட்டால் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். வண்டியில் வரும்போது தெளிவு வந்தால் டிரைவர் காலை அழுத்த வேண்டியதுதான்.

அப்பாவின் வண்டியில் அதுவரை யாரும் உயிர் விட்டதில்லை. அதனால் அவருக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைப் பற்றி யாராவது பேசினால், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

மதுரையில்

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு கோடை விடுமுறை. செட்டியாருக்குக் காய்ச்சல் முற்றி, நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தெரியும். ஒருநாள் காலையில் ஆளனுப்பினார்கள். அப்பா என்னையும் ஏறச் சொன்னார். "தூக்கி வைக்க ஒரு கை வேணும். அந்த ஆஸ்பத்திரியில எந்தக் கட்டடம் எங்குட்டு இருக்குன்னு கேட்டு வரவும் ஆள் வேணும்."

வார்டில் செட்டியாரின் மனைவி வள்ளியம்மை ஆச்சி கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மகன் முத்தையா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். பான்ட் போட்டுக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் தந்தி கொடுத்தாகிவிட்டது, பங்காளிகள் வீட்டில் கூடிவிட்டார்கள் என்றார்.

வேலையில் இருந்த நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துப் பேச்சுக்காரர், கழுத்தில் சிறிய சிலுவை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கச் சொல்லுங்க. காய்ச்சல் இப்பத்தான் எறங்க ஆரம்பிச்சிருக்கு. மருந்து பிடிக்கிற மாதிரித் தெரியுது."

நான் போய் முத்தையாவிடம் சொன்னேன். அவர் சலிப்போடு என்னைப் பார்த்தார். "போன வாரமும் இதத்தாம்ப்பா சொன்னாக. பொறு, பொறுன்னு பொறுத்து, இங்கயே போயிட்டா? யார் பதில் சொல்றது? அந்த நர்ஸா?"

ஆச்சி தலை நிமிராமலே பேசினார். அவர் சொன்னது என்னிடமா அப்பாவிடமா தெரியவில்லை. "எங்க மாமாவ, இவுக அப்பாவ, ரங்கூன்லேர்ந்து கொண்டாந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரியில வச்சோம். அங்கயே போயிட்டாக. அம்புட்டுப் பெரிய வீட்டக் கட்டுனவுக. தெருவுல பந்தலுக்குள்ள கெடந்தாக. மழை வேற. ஓலை ஒழுகி மூஞ்சியெல்லாம் தண்ணி. நான் கல்யாணமாகி வந்த புதுசு, தொடைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். இவுகளையும் அப்படிக் கெடத்த என்னால ஆகாது சாத்தையா."

அப்பா, "கொண்டுபோய்ச் சேத்துருவோம் ஆச்சி" என்றார்.

அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் செட்டியாரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். நான் காலைப் பிடித்தேன். கால் சுட்டது, ஆனால் கொதிக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்ததும் அப்பா கண்ணாடியைக் கூரைப்பக்கம் திருப்பினார்.

இடது முன் சக்கரம்

மேலூர் தாண்டியதும் பின்னாலிருந்து, "தண்ணி" என்று ஒரு குரல்.

ஆச்சி பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார். "பஞ்சு எதுக்கு? டம்ளர் இல்லையா?" என்றது அதே குரல்.

நான் திரும்பிப் பார்த்தேன். செட்டியார் கண் திறந்திருந்தது. கூரைப்பக்கம் திரும்பியிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சி தண்ணீர் கொடுத்தார். குடித்தார்.

"யாரு ஓட்டுறது?"

"நாந்தான் மொதலாளி. சாத்தையா."

"அதான பாத்தேன். கிளச்சுல இருந்து காலை எட்றா."

அப்பா சட்டென்று காலை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நர்ஸ் சொன்னது சரியாகிவிட்டது, இனி எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு முத்தையாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆச்சி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியிருந்தார்.

"தெளிவு வந்துருச்சுப்பா" என்றார் முத்தையா. "வெரசாப் போ."

அப்பா போனார். புளியமரங்கள் இரண்டு பக்கமும் பறந்தன. அந்த வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. "இடது பக்கம் இழுக்குது பாரு. முன் டயரு" என்றார் செட்டியார். அப்பா ஸ்டியரிங்கை வலதுபக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். எனக்குப் பக்கத்தில்தான் அவர் இருந்தார். அவர் கை நரம்பு புடைத்திருப்பது தெரிந்தது. செட்டியார் சொன்னது சரி என்று அந்தக் கைக்குத் தெரியும்.

திருப்பத்தூரில் நிறுத்தாமல் போகமுடியவில்லை. டயர் பாதிக்கு மேல் தட்டையாகியிருந்தது. ஆளை உள்ளே வைத்துக்கொண்டு ஜாக்கி போட்டுத் தூக்கவும் முடியாது. எனவே சைக்கிள் கடை, பம்பு, அந்த வெயில்.

கடைக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அட, பிளசர் வீட்டுச் செட்டியாரா! என்னா இப்படிப் படுத்துட்டீக? ஆஸ்பத்திரிக்கா? ஆஸ்பத்திரி அங்குட்டுல்ல இருக்கு?"

முத்தையா ரோட்டுப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காப்பி கெடைக்குமாப்பா இங்க?" என்று கேட்டார் செட்டியார்.

"இந்தா, வாங்கியாரேன்" என்று கடைக்காரர் கிளம்பினார். முத்தையா அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, காதில் ஏதோ சொன்னார். கடைக்காரர் செட்டியாரை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அதைச் செட்டியாரும் பார்த்துவிட்டார்.

தலையைத் தூக்க முயன்றார், முடியவில்லை. கண்ணை மட்டும் சுற்றிச் சுழற்றி, ஆச்சி மடியில் இருந்த பஞ்சைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு கதவுப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"சாத்தையா."

அப்பா பம்பை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லடா. அசதியாத்தான் இருக்கு. வண்டிய மதுரைக்குத் திருப்பு."

"அப்பச்சி, சும்மா இருங்க, வீட்டுக்குப் போயிருவோம்" என்றார் முத்தையா.

"நான் உங்கிட்டப் பேசல. டிரைவருகிட்டப் பேசுறேன்."

நான் அதுவரை பெரியவர்கள் நடுவில் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன். "ஆச்சி, அவுக நல்லாத்தான பேசுறாக. டயர்ல காத்து இல்லைன்னு சொன்னாக, இல்லைதானே? இது மருந்து புடிச்சது ஆச்சி. திருப்பிருவோம். இல்லாட்டி காரைக்குடியிலயாவது ஒரு டாக்டர்கிட்டக் காட்டிருவோம்."

"நீ என்ன படிக்கிற?" என்று கேட்டார் முத்தையா.

"பி.ஏ. வரலாறு."

"அப்ப செத்தவுகளப் பத்தித்தான் படிச்சிருப்ப. ஏறு வண்டியில."

ஆச்சி என்னைத் திட்டவில்லை. கெஞ்சினார். "ஏய்யா, நீ சின்னப்பிள்ளை. எங்க ஆத்தா இப்படித்தான், அப்பம் வேணும்னு கேட்டு வாங்கித் தின்னாக. தின்னு கை கழுவல. போயிட்டாக. இப்பத் திருப்பி, அங்குட்டுப் போற வழியில ஆயிருச்சுன்னா? நான் இவுகள எங்க கொண்டுபோய் வைப்பேன்? சொல்லு. சாத்தையா, நீ எனக்கு வார்த்தை குடுத்திருக்கே."

அப்பா செட்டியாரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுத்தானே இத்தனை வருஷமும் ஓட்டினார். சவாரியில் ஏறியவரின் முகத்தை அப்படி நேருக்கு நேர் அவர் பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும். அவர் உதடு அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

பம்பைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்தார். கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். "ஏறுய்யா" என்றார் என்னிடம்.

திருப்பத்தூரிலிருந்து நெற்குப்பை ரோட்டில் வண்டி திரும்பியது. டயர் சரியாகிவிட்டதால் அதன் பிறகு வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, நேராகப் போயிற்று.

"சாத்தையா" என்று பின்னால் ஒருமுறை கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. அப்பா ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

ஹாரன்

நெற்குப்பை தாண்டி, வலையபட்டி எல்லை. கண்மாய்க்கரை தெரிந்தது. அப்பா ஹாரனில் கையை வைத்து நீளமாக அடித்தார். பகல் நேரத்து அமைதியில் அது ஊரையே குறுக்காகக் கிழித்துக்கொண்டு போயிற்று.

"இது எதுக்குன்னு எனக்குத் தெரியும்டா" என்றார் செட்டியார்.

அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. சங்கு ஊதுகிறவர் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பெரிய கதவைத் திறந்துவிட்டார்கள். எட்டுப்பத்துப் பேர் வந்து அவரைத் தூக்கினார்கள். யாரோ சந்தோஷக் குரலில் உள்ளே கத்தினார்கள்: "உசுரோட வந்துட்டாக! கண்ணு முழிச்சிருக்கு!" ஆச்சி வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கூடத்தில் பாயில் கிடத்தினார்கள். ஒவ்வொருவராக வந்து வெள்ளிச் சங்கில் பால் ஊற்றினார்கள். செட்டியார் முதல் இரண்டு மூன்று பேருக்கு வாயைத் திறந்தார், தாகமாக இருந்திருக்கும். பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பால் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. பெண்கள் துடைத்துவிட்டு, "தெளிவு போயிருச்சு" என்றார்கள். நான் தூண் ஓரத்தில் நின்று பார்த்தேன். கண் நன்றாகத் திறந்திருந்தது. கூடத்தின் தேக்கு விட்டங்களை, அவர் அப்பா பர்மாவிலிருந்து இறக்கியவை அவை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சாத்தையா, நீயும் வந்து ஒரு வாய் ஊத்து. நீ கொண்டாந்து சேத்தவன்" என்று ஆச்சி கூப்பிட்டார்.

அப்பா வாசலில் நின்றபடி இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினார். "கையெல்லாம் அழுக்கு ஆச்சி."

மறுநாள் வெயில் ஏறிய பிறகு செட்டியார் இறந்தார். கூடத்தில்தான். ஆச்சி நினைத்தபடியேதான்.

மதுரைக்குத் திருப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. பிழைத்திருப்பார் என்று இருபது வயதில் சத்தியம் செய்திருப்பேன். இன்றைக்குச் செய்யமாட்டேன். ஆனால் ஒரு மனிதர் தெளிவாகப் பேசினார், அவர் பேசப் பேச நாங்கள் வேகமாக ஓட்டினோம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்னும் மோசமாக, மயக்கத்திலேயே, ஒரு வார்த்தையும் பேசாமல் வந்திருந்தால், ஒருவேளை வண்டி மெதுவாகவே வந்திருக்கும்.

வீடு திரும்பும் வழியில்

செட்டியாரைக் கூடத்தில் விட்டுவிட்டு, அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டோம். பின்சீட்டில் தலையணையை மறந்து விட்டிருந்தார்கள். நடுவில் குழி விழுந்திருந்தது.

குன்றக்குடி மலை தெரிந்தது. நான்தான் ஆரம்பித்தேன்.

"திருப்பியிருக்கலாம்ப்பா."

"நான் வண்டி ஓட்டுறவன். எங்குட்டுப் போகணும்னு ஏறுனவுகதான் சொல்லணும்."

"ஏறுனவுகதானப்பா சொன்னாக."

அப்பா கியரை மாற்றினார். உறுமலோடு விழுந்தது. "ஏத்துனவுக சொல்லணும்" என்றார்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே மறுபடி பேசினார். கோபமாகத்தான் பேசினார். "நீ காலேஜ் தொறந்ததும் போயிருவே. நான் அந்த ஸ்டாண்டுலதான நிக்கணும்? திருப்பின வண்டின்னு பேராயிட்டா எவன் ஏறுவான்?"

நான் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதைச் சொன்ன விதத்தில், என்னிடமிருந்து ஒரு பதிலை எதிர்பார்த்த மாதிரி இருந்தது. என் படிப்புச் செலவு முழுவதும் அந்தக் கறுப்பு வண்டியில்தான் ஓடியது.

பேர்

வலையபட்டியில் பங்காளிகள் நிறையப்பேர் கூடியிருந்தார்கள் அல்லவா, அவர்கள் தங்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். செட்டியாரைப் பேசப் பேசக் கொண்டுவந்து இறக்கினான் சாத்தையா, வழியில் டயர் போயும் நிறுத்திக் காற்றடித்துக் கொண்டுவந்து சேர்த்தான் என்று. அப்பாவின் பேர் காரைக்குடியைத் தாண்டிப் போய்விட்டது. ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் சும்மா நிற்க, இவர் வண்டிதான் வேண்டும் என்று வந்து காத்துக்கிடந்தார்கள்.

சக டிரைவர் ஒருவர் கேலி செய்தார். "சாத்தையா அண்ணனுக்கென்ன, எமன் வந்தாலும் முன்சீட்டுல உக்கார வச்சுக் கூட்டியாந்துருவாரு." எல்லாரும் சிரித்தார்கள். அப்பா பீடியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

வீட்டில் அவர் சாப்பாடு குறைந்தது. நாங்கள் யாராவது முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். காதில் விழவில்லையோ என்று அம்மா இன்னும் சத்தமாகக் கூப்பிடுவாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார்.

விடுமுறை முடிந்து நான் விடுதிக்குக் கிளம்பவேண்டிய நாள். காலையில் டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். விவசாயக் குடும்பத்து ஆள். சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. சுவரில் சாய்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க நின்றார்.

"சாத்தையா அண்ணன் வீடு இதுதான? எங்க அய்யா மதுரையில இருக்காக. கொண்டுபோகச் சொல்லிட்டாக. நீங்க வந்தாத்தான் வீடு வந்து சேருவாகன்னு எல்லாரும் சொல்றாக."

அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"பேச்சு இருக்கா?"

வந்தவருக்குப் புரியவில்லை. "என்னண்ணே?"

"அவருக்குப் பேச்சு இருக்கான்னு கேட்டேன்."

"அது நின்னு போச்சுண்ணே. கூப்புட்டாக் கண்ணு கூடத் தொறக்கல."

"நல்லாப் பாத்தீகளா?"

"பாத்துட்டுத்தாண்ணே வாரேன். சுத்தமா நெனைவு இல்ல."

அப்பா கையைக் கழுவினார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கினார்.